தோர்தோன் கிராமத்தில் கடைசி வாரம்: கார்க்கசோன் போவதா, இருந்த இடத்திலேயே இருப்பதா?

கொடைரோடு | 2025 அக்டோபர் 14, இரவு

எல்லோருக்கும் வணக்கம். பிரான்சின் தென்மேற்கில் தோர்தோன் மாவட்டத்தில், லெ ப்யூக் ஊருக்கு வெளியே ஒரு ஜீத் எடுத்துத் தங்கியிருக்கிறோம், நானும் மனைவியும். ஜீத் என்றால் சமையலறை, பாத்திரம் பண்டத்தோடு வாரக்கணக்கில் வாடகைக்கு விடும் கிராமத்து வீடு. ஆகஸ்ட் முதல் வாரத்தில் வந்தோம். 24-ஆம் தேதி பாரிஸிலிருந்து விமானம்.

லாஸ்கோவின் ஆதிமனிதக் குகை ஓவியங்கள், பெய்னாக் கோட்டை, எதிர்க்கரையில் கஸ்தெல்னோ, லா ரோக் கஜாக்கில் படகு, டோம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மீதி இருக்கும் நாட்களில் கார்க்கசோன் கோட்டைக்கு ஒரு நடை, முடிந்தால் மோன் சாங் மிஷேல் தீவு மடாலயமும் என்பது என் திட்டம். "இனி ஒரு கோட்டைக்கும் வரமாட்டேன், தீபாவளி இந்த வீட்டில்தான்" என்பது அவள் கட்சி. இந்தப் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வாடகைக் கார் கையில் இருக்கிறது.

துலூஸ்வாசி | அக்டோபர் 14, இரவு

மோன் சாங் மிஷேலை மறந்துவிடுங்கள் சார். அது நார்மண்டி ஓரம், உங்கள் வீட்டிலிருந்து ஒரு முழு நாள் ஓட்ட வேண்டும். கார்க்கசோனும் ஒரு வழிக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல். நெடுஞ்சாலையைப் பிடிக்கும்வரை கிராமத்துச் சாலை, அதில் பெரும்பாலும் வேகம் 80-க்கு மேல் கூடாது. காலையில் வெஸேர் பள்ளத்தாக்கில் பனிமூட்டம் விலகவே பத்து பதினொன்று ஆகிவிடும், அக்டோபரில் சீக்கிரம் இருட்டியும்விடும். கோட்டைக்குள் இரண்டு மணி நேரம் நடப்பதற்காக நாள் முழுக்கக் கார் ஓட்டப் போகிறீர்களா?

நீங்கள் பார்த்த லாஸ்கோ, 2016-இல் மோன்டினாக்கில் திறந்த நகல் குகை. அருமையான நகல்தான், குறை சொல்லவில்லை. அசல் குகையை 1940 செப்டம்பரில் நான்கு பையன்கள் கண்டுபிடித்தார்கள். வருகிறவர்களின் மூச்சுக்காற்றில் சுவர் பாசி பிடிக்கத் தொடங்கியதும் 1963-இல் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். ஆனால் அசல் ஓவியத்தையே நேரில் பார்க்கக்கூடிய குகைகள் உங்கள் வீட்டுப் பக்கத்தில் இருக்கின்றன. லேஸிஸி ஊரில் ஃபோன் த கோம் குகை. 1901 செப்டம்பரில் அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் தெனி பெய்ரோனி கண்டுபிடித்தது. சிவப்பும் கறுப்புமாக வண்ணம் தீட்டிய காட்டெருமைகள். ஒரு பெண் பனிமான் (ரெய்ண்டீர்) மண்டியிட்டிருக்கும், ஆண் குனிந்து அதன் நெற்றியை நக்கிக்கொடுக்கும். வழிகாட்டி விளக்கைச் சாய்த்துப் பிடிக்கும்போதுதான் கோடுகள் கூடி உருவம் தெரியும். சிறு குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு பாருங்கள். கிடைக்காவிட்டால் ரூஃபின்யாக் குகை. மூன்று மணி நேரம் ஓட்டி கார்க்கசோன் போவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம். நான் கார்க்கசோனுக்கு ஒரு மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறேன், அதனால் பொறாமையில் சொல்லவில்லை.

எதிர்க்கட்சி | அக்டோபர் 15, காலை

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தை நான் சொல்கிறேன். விசா, டிக்கெட், இரண்டரை மாத வாடகை என்று இவ்வளவு செலவு செய்து போயிருக்கிறீர்கள். மறுபடி வருவீர்களா? முட்டி ஒத்துழைக்கும்போதே பார்த்துவிட வேண்டும். சும்மா உட்காருவதைக் கொடைரோட்டிலேயே செய்யலாம், அங்கே வாடகையும் இல்லை. "மெதுவான பயணம்" என்று இப்போது ஒரு மோஸ்தர். ஊருக்குத் திரும்பிய பிறகு, "அவ்வளவு பக்கத்தில் இருந்துவிட்டுப் பார்க்காமல் வந்தாயா?" என்று கேட்பார்கள், அப்போது தெரியும்.

துலூஸ்வாசி | அக்டோபர் 15, காலை

@எதிர்க்கட்சி, மூன்று மணி நேரம் பக்கமா?

எதிர்க்கட்சி | அக்டோபர் 15, காலை

சென்னையிலிருந்து பார்த்தால் பக்கம்தான்.

கொடைரோடு வீட்டம்மா | அக்டோபர் 15, மதியம்

இவருடைய கணினியிலிருந்தே புதுக் கணக்குத் திறந்து எழுதுகிறேன். ஒருதலைப்பட்சமாக வழக்கு நடக்கிறது, அதனால்தான்.

ஆகஸ்ட் முழுக்க ஓடினோம். கூட்டம், வெயில், காரை நிறுத்த இடம் கிடையாது. செப்டம்பர் நடுவில்தான் ஊர் ஊராக ஆனது. இப்போது செவ்வாய்க்கிழமை லெ ப்யூக் சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிற அம்மாள், நான் வாய் திறப்பதற்கு முன்பே கபெக்கூ வட்டுகளைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறார். அடுத்த வீட்டுத் தோட்டத்தில் அக்ரூட் அறுவடை. மரத்தின் அடியை ஓர் இயந்திரம் பிடித்து உலுக்குகிறது, காய்கள் கொட்டுகின்றன, இன்னொன்று பெருக்கி வாரிக்கொண்டு போகிறது. நான் வேலி ஓரத்தில் நின்று பார்த்ததும் அந்த வீட்டுப் பெரியவர் கூப்பிட்டு ஒரு வாளி கொடுத்துவிட்டார். ஓரத்து மரங்களுக்கு இயந்திரம் போகாதாம், அங்கே கையால் பொறுக்கலாம். மேல்தோலின் சாயம் பட்டு விரலெல்லாம் கறுப்பு, சோப்புக்கு மசியவில்லை. உலராத பச்சை அக்ரூட்டை உடைத்து, பருப்பின் மேலிருக்கும் மெல்லிய கசப்புத் தோலை உரித்துவிட்டுத் தின்று பாருங்கள். நம் ஊர் டிரை ஃப்ரூட் கடையில் வாங்குவது அப்புறம் வாயில் வைக்க விளங்காது.

இவருக்கு இதெல்லாம் "சும்மா இருப்பது". சரி, அப்படியே இருக்கட்டும்.

20-ஆம் தேதி தீபாவளி. அன்றைக்கு எங்கோ ஓர் ஓட்டல் அறையில் சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருக்க எனக்கு விருப்பமில்லை.

லாச்சப்பல் பொடியன் | அக்டோபர் 15, மாலை

அக்கா சொல்லுறது சரி. அண்ணை, கோட்டையை விடுங்கோ, முதல் பாரிஸுக்கு வாற வழியை யோசிச்சீங்களா? 24-ஆம் தேதி விமானம் எண்டு 24-ஆம் தேதி காலமை கிராமத்தில இருந்து வெளிக்கிடாதேங்கோ. இந்த மாதம் 2-ஆம் தேதியும் நாடு முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. ஒரு நாள், முடிஞ்சால் இரண்டு நாள் முந்திப் பாரிஸில் நில்லுங்கோ.

போர்தோவில இருந்து பாரிஸ் மோன்பர்னாஸ் ஸ்டேசனுக்கு டிஜிவி அதிவேக ரயிலில இரண்டு மணித்தியாலம் சொச்சம்தான், 2017-இல புதுப்பாதை போட்டபிறகு. கதவை இரண்டு நிமிசம் முந்தியே பூட்டிவிடுவாங்கள், கெதியா ஏறுங்கோ. பெட்டி கனக்க இருந்தால் சார்ள் து கோல் விமான நிலையத்துக்கே நேரா போற டிஜிவியும் போர்தோவில இருந்து இருக்கு, நேரம் கூட எடுக்கும். பாரிஸில எங்கட தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பல் பக்கம் வந்தால் கறிவேப்பிலை, நல்லெண்ணெய், இட்லி எல்லாம் கிடைக்கும். இவ்வளவு நாளும் பாணோட காலம் தள்ளியிருப்பீங்கள்.

கொடைரோடு வீட்டம்மா | அக்டோபர் 15, மாலை

நல்லெண்ணெய் ஆகஸ்டில் பாரிஸ் வழியாக வரும்போதே உங்கள் லாச்சப்பலில் வாங்கினேன் தம்பி. கங்கா ஸ்நானத்துக்கென்று கால் பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். ரொட்டியைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன், சைவச் சாப்பாடுதான் பாடு. இங்கே உருளைக்கிழங்கைக்கூட வாத்துக் கொழுப்பில்தான் வதக்குகிறார்கள். சார்லா பாணி என்று உணவுப் பட்டியலில் அப்பாவியாக எழுதியிருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதாது, கொழுப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைசியில் சந்தைக் காய்கறியும் என் அடுப்பும்தான்.

புதுவைக் கடற்கரை | அக்டோபர் 16, காலை

ஊர் சுற்றுவது பற்றி ஆளாளுக்குப் பேசுகிறீர்கள். வீட்டை ஒப்படைக்கிற வேலையை யாரும் சொல்லவில்லையே. என் தம்பி குடும்பம் ரொம்ப வருஷமாகப் பெர்ஜராக் பக்கம், நாங்கள் அடிக்கடி ஜீத் எடுப்போம், அதனால் சொல்கிறேன்.

ஒப்பந்தத்தை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். கடைசிச் சுத்தம் வாடகையில் சேர்ந்ததா, தனிக் கட்டணமா, நீங்களே செய்வதா? நீங்களே செய்வதாக இருந்தால், ஓவன் கம்பி, ஃபிரிட்ஜ் ரப்பர், குளியலறை ஓட்டிடுக்குச் சுண்ணாம்புக் கறை, இந்த மூன்றையும்தான் குனிந்து பார்ப்பார்கள். அந்தப் பக்கத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கடையில் வெள்ளை வினிகர் பெரிய புட்டியில் மலிவாகக் கிடைக்கும், சுடுதண்ணீரில் கலந்து ஊற்றி ஊறவிட்டுத் தேயுங்கள்.

மின்சாரம்: கோடை முடிந்த பிறகு பல ஜீத்களில் மீட்டர் பார்த்துத் தனியாக வாங்குவார்கள். இரவில் ஹீட்டர் போட்டிருப்பீர்கள். வந்த நாள் கணக்கு என்ன என்று பாருங்கள்.

குப்பை: தோர்தோனில் பல ஊர்களில் வீட்டு வாசலில் எடுப்பதில்லை. அட்டையைக் காட்டினால் திறக்கிற பொதுத் தொட்டிதான். பாட்டில்களுக்குத் தனித் தொட்டி, அட்டைப்பெட்டி பிளாஸ்டிக்குக்கு மஞ்சள். கிளம்புகிற காலையில் இதற்காக ஊரைச் சுற்றாதீர்கள், முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

வீட்டுக்காரரோடு அறை அறையாக நடந்து பார்த்துத்தான் சாவி கொடுக்க வேண்டும். அட்வான்ஸ் எப்போது, எப்படித் திரும்பி வரும் என்று அப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒருமுறை, ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த கண்ணாடிக்குப் பணம் பிடித்தார்கள். நாங்கள் போன அன்று எடுத்த படத்தை அனுப்பிய பிறகுதான் திரும்பி வந்தது.

கொடைரோடு | அக்டோபர் 16, மதியம்

@புதுவைக் கடற்கரை, மிக்க நன்றி ஐயா. சுத்தம் எங்கள் பொறுப்புதான், ஒப்பந்தத்தில் இருக்கிறது. மீட்டரும் தனி. அவள் காலையிலேயே வினிகர் வாங்கக் கிளம்பிவிட்டாள்.

ஃபோன் த கோமில் எங்களுக்குத் தோதான நாளில் இடம் இல்லை. ரூஃபின்யாக்குக்கு நாளை போகிறோம்.

ஒரு சந்தேகம். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காட்டில் காளான் பொறுக்கலாமா? கூடையோடு ஆட்கள் போகிறார்கள். வார இறுதியில் துப்பாக்கிச் சத்தமும் கேட்கிறது.

துலூஸ்வாசி | அக்டோபர் 16, மாலை

வேண்டாம் சார். காடு அநேகமாகத் தனியாருடையது, அதில் முளைக்கிற காளான் சட்டப்படி நிலத்துக்காரருக்குச் சொந்தம். செப் காளான் விஷயத்தில் உள்ளூர்க்காரர்கள் ரொம்பக் கறார். அண்ணன் தம்பிக்குள்ளேயே இடத்தைச் சொல்லமாட்டார்கள். பெரியவர் கூட்டிக்கொண்டு போனால் போகலாம். அப்போதும் சமைக்கும் முன் ஊர் மருந்துக்கடையில் காட்டுங்கள். எது விஷம் என்று பார்த்துச் சொல்வது இங்கே மருந்தாளுநரின் வேலைகளில் ஒன்று.

துப்பாக்கிச் சத்தம் வேட்டை. செப்டம்பரில் பருவம் தொடங்கிவிடும், காட்டுப்பன்றியும் மானும். பாதை ஓரத்தில் வேட்டை நடப்பதாகப் பலகை வைத்திருந்தால் திரும்பிவிடுங்கள். ஞாயிறு நடைக்குக் காரில் இருக்கும் மஞ்சள் மேலங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். அழகாக இருக்காது, பரவாயில்லை.

கொடைரோடு | அக்டோபர் 17, இரவு

ரூஃபின்யாக் போய்விட்டு வந்தோம். குகைக்குள் மின்ரயில்! மொத்தம் எட்டு கிலோமீட்டர் சுரங்கவழிகளாம், அதில் ஒரு பகுதிக்கு ரயிலில் கூட்டிப்போகிறார்கள். இருட்டு, குளிர், சுவரில் குகைக்கரடிகள் நகத்தால் கீறிய தடம். தரையில் அவை படுத்துறங்கிய குழிகள். அப்புறம் மாமத் யானைகள், 150-க்கும் மேல். வண்ணமே இல்லை, கறுப்புக் கோடு மட்டும். முதுகு வளைவை ஒரே இழுப்பில் போட்டிருக்கிறான் மனுஷன். கடைசியில் ரயிலிலிருந்து இறக்கி ஒரு கூரையைக் காட்டுகிறார்கள். யானை, குதிரை, வரையாடு என்று ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. வரைந்த காலத்தில் தரைக்கும் கூரைக்கும் இடையே ஆள் படுத்து ஊர்கிற உயரம்தானாம். வரைந்தவனால் தான் வரைந்ததை முழுதாகத் தள்ளி நின்று பார்த்திருக்கவே முடியாது. சில நூறு வருஷம் முன்பு வந்தவர்கள் மெழுகுவர்த்திப் புகையால் தங்கள் பெயரை அதே கூரையில் எழுதிவைத்திருக்கிறார்கள். நம் மகாபலிபுரம் பாறையில் காதலர் பெயர் பார்த்துத் திட்டியிருக்கிறேன். அது உலக வழக்கம் போல.

கார்க்கசோன் கைவிடப்பட்டது. எதிர்க்கட்சி மன்னிக்கவும்.

எதிர்க்கட்சி | அக்டோபர் 18, காலை

மன்னிக்க முடியாது. ஆனால் ரூஃபின்யாக் வர்ணனைக்காக ஒரு நாள் அவகாசம் தருகிறேன். பக்கத்தில் ஏதாவது ஒரு கோட்டையாவது பாருங்கள் ஐயா. மிலாந்த் கோட்டைக்குப் போகவில்லையா? ஜோசஃபின் பேக்கர் வாழ்ந்த வீடு.

அந்த அம்மா அமெரிக்காவில் ஏழையாகப் பிறந்து பாரிஸ் மேடையில் நட்சத்திரமானவர், இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்கு எதிரான பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்துக்காக உளவு வேலை பார்த்தவர். அந்தக் கோட்டையை 1937-இல் வாடகைக்கு எடுத்து 1947-இல் விலைக்கு வாங்கினார். பல நாட்டுக் குழந்தைகள் 12 பேரைத் தத்தெடுத்து அங்கே வளர்த்தார். கடன் முற்றி 1969-இல் வெளியேற்றினார்கள். சமையலறை வாசற்படியில் போர்வையோடு அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் அந்த நாளில் எடுத்ததுதான். 2021 நவம்பரில், நாட்டின் பெருமக்களுக்கான பாரிஸ் நினைவு மண்டபமான பாந்தியோனில் இடம் கொடுத்துக் கௌரவித்தார்கள், அங்கே அந்தப் பெருமை பெற்ற முதல் கறுப்பினப் பெண். வாழைப்பழப் பாவாடை உட்பட அவர் உடைகள் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. வீட்டம்மாவுக்கும் பிடிக்கும், அடித்துச் சொல்கிறேன்.

கொடைரோடு வீட்டம்மா | அக்டோபர் 19, இரவு

போனோம். பிடித்தது. கோட்டை என்று சொல்லாமல் வீடு என்று சொன்னதால்தான் வந்தேன். அவருடைய குளியலறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் பருந்து பறக்கவிடும் காட்சியும் உண்டு, இவர் அதில்தான் நின்றுவிட்டார்.

காலையில் சாங் சிப்ரியன் ஞாயிறு சந்தை. அங்கிருந்து அக்ரூட் எண்ணெய் இரண்டு டின். சந்தைக்காரர் சொன்னது: அடுப்பில் காய்ச்சக் கூடாது, சாலடில் ஊற்றலாம், திறந்தால் ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் சிக்கு வாடை வந்துவிடும். டின்னாக வாங்கினால் வெளிச்சமும் படாது, பெட்டியில் உடையவும் உடையாது.

பாரிஸில் லூவரில் காலையில் திருட்டாமே? அரச நகைகளையே தூக்கிவிட்டார்களாம். பாரிஸ் ஓட்டலில் என் வளையலைக் கழற்றிவைக்கமாட்டேன்.

சுண்ணாம்பு | அக்டோபர் 20, காலை

எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்து! அக்கா, அங்கே பலகாரம் உண்டா?

கொடைரோடு வீட்டம்மா | அக்டோபர் 20, மாலை

உண்டு சுண்ணாம்பு. ரவை சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது. உப்பில்லாத வெண்ணெயை உருக்கினால் நெய். பிரெஞ்சு வெண்ணெயை உருக்கியபோது வந்த வாசனைக்கு இவரே சமையலறைக்குள் வந்துவிட்டார். ரவா லட்டில் முந்திரிக்குப் பதில் பொறுக்கிய அக்ரூட். அடுத்த வீட்டுப் பெரியவருக்கும் அவர் மனைவிக்கும் ஒரு தட்டு கொடுத்தோம். இரண்டாவது லட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பதிலுக்கு இரவு சூப்புக்குக் கூப்பிட்டார்கள். எனக்காகக் கொழுப்புப் போடாமல் பூண்டு சூப். கிண்ணத்தில் கொஞ்சம் சூப் மிச்சம் இருக்கும்போது அதில் சிவப்பு ஒயினை ஊற்றிச் சுழற்றி, கிண்ணத்தைத் தூக்கி அப்படியே குடிக்கிறார்கள். ஷப்ரோல் என்று பேராம். இவரும் செய்தார். தீபாவளியும் அதுவுமாக என்று நான் ஒன்றும் சொல்லவில்லை.

துலூஸ்வாசி | அக்டோபர் 20, இரவு

கிளம்பும் முன் இரண்டு விஷயம். ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் வரித் திரும்பப்பெறும் படிவம் கேட்டிருப்பீர்கள். அதிலிருக்கும் பட்டைக்கோட்டை விமான நிலையத்தில் பாப்லோ என்ற இயந்திரத்தில் காட்டிச் சரிபார்க்க வேண்டும், பெட்டியைக் கவுண்டரில் போடுவதற்கு முன்பு. சாமானைக் காட்டச் சொன்னால் கையில் இருக்க வேண்டும். சந்தையில் வாங்கியதற்கெல்லாம் இது கிடையாது.

இன்னொன்று, இந்த 12-ஆம் தேதியிலிருந்து ஷெங்கன் எல்லையில் கைரேகை, முகப்படம் எடுக்கும் புதிய பதிவு முறை படிப்படியாக வருகிறது. வரிசை நீளலாம், முன்னதாகப் போங்கள். 180 நாளில் 90 நாள் என்ற கணக்கில் வந்த நாளும் போகிற நாளும் சேரும். விசா ஸ்டிக்கரில் எத்தனை நாள் போட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள், சிலருக்கு 90-க்குக் குறைவாகத்தான் தருவார்கள்.

கொடைரோடு | அக்டோபர் 21, மதியம்

ஸ்டிக்கர் பார்த்துவிட்டேன், நாள் இருக்கிறது. வரிப் படிவம் ஒன்றே ஒன்று, நோன்ட்ரோன் கத்திகள் வாங்கியதற்கு. இந்த மாவட்டத்து வடக்கில் செய்வது. பாக்ஸ்வுட் என்ற மரத்தில் மஞ்சள் கைப்பிடி, அதில் சூட்டுக்கோலால் போட்ட சின்னக் குறிகள். மாப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. பெரிய பெட்டிக்குள் போகிறது, கைப்பையில் இல்லை. கவலை வேண்டாம்.

இப்போது ஓவன் கம்பி தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

கொடைரோடு | அக்டோபர் 23, இரவு, பாரிஸ்

நேற்றுக் காலை வீட்டை ஒப்படைத்தோம். வீட்டுக்கார அம்மா புதுவை ஐயா சொன்னபடியே ஃபிரிட்ஜ் ரப்பரை விரலால் தடவிப் பார்த்தார்! திருப்தி. மின்சாரத்துக்குப் பணம் கட்டி ரசீது வாங்கினோம், அட்வான்ஸை விடுவிப்பதாக மின்னஞ்சலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்.

காரை போர்தோ ரயில் நிலையத்தில் விட்டோம். வழியில் ஆளில்லாத பெட்ரோல் பம்ப் ஒன்று எங்கள் இந்திய அட்டைகள் இரண்டையும் ஏற்கவில்லை. ஆள் இருக்கிற பம்ப் தேடி நிரப்பினோம், அதற்கு அரை மணி நேரம் போனது. கார் கம்பெனி ஆள், நாங்கள் எடுக்கும்போதே இருந்த கீறலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆகஸ்டில் எடுத்த வீடியோவைக் காட்டினேன், நடையைக் கட்டினார்.

இன்றைக்கு பெஞ்சமின் புயல் என்று மேற்குக் கடற்கரைப் பக்கம் எச்சரிக்கை. நேற்றே வந்துவிட்டதால் ஓட்டல் ஜன்னல் வழியாகக் காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். @லாச்சப்பல் பொடியன், உங்கள் புண்ணியம் தம்பி. மதியம் உங்கள் தெருவில்தான் தோசை.

லாச்சப்பல் பொடியன் | அக்டோபர் 23, இரவு

சொல்லாமல் வந்திட்டுப் போறீங்கள் அண்ணை. அடுத்தமுறை தோசை என்ர கணக்கு.

சுண்ணாம்பு | அக்டோபர் 24, காலை

நல்ல பயணம்! நாங்கள் அடுத்த வருஷம் போக யோசிக்கிறோம். ஆகஸ்டா, செப்டம்பரா? ஒரே ஜீத்தா, இரண்டு ஊரா?

கொடைரோடு வீட்டம்மா | அக்டோபர் 24, காலை

செப்டம்பர். ஒரே வீடு. சந்தைக்கு நடந்து போகிற தூரத்தில் எடு, எங்களுடையது மேட்டில் இருந்ததால் பையோடு ஏறி இறங்கியே ஓய்ந்துவிட்டோம். திங்கட்கிழமை பாதிக் கடை பூட்டியிருக்கும், மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அநேகமாக எல்லாமே. அதற்குத் தகுந்தபடி காய் வாங்கி வை. நல்லெண்ணெய் முழுப் பாட்டிலாக எடுத்துக்கொண்டு போ. விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.